மீண்டும் மோகனாம்பாள்

நூலொன்றை மறுமுறை படிப்பதற்கும் திரைப்படமொன்றை மறுமுறை பார்ப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. படிக்கும்போது பாத்திரங்களின் முகத்தை வாசகரே வரைந்துகொள்கிறார். அவருக்கு வயதேற ஏற அம்முகங்களும் அவரோடு சேர்ந்து மாறிவிடுகின்றன. திரைப்படத்தில் அதற்கு இடமில்லை. பத்மினி அன்று கட்டிய அதே சலங்கையோடு, அன்றைய அதே வயதில், அதே இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார். பார்ப்பவருக்கு மட்டுமே தலை நரைத்திருக்கிறது. ஆகவே, நெடுங்காலம் நேசித்த படமொன்றை மீண்டும் பார்க்க அமர்பவர், தாம் முன்னர் எதைக் காணாமல் விட்டார் என்பதையே பெரும்பாலும் காண நேர்கின்றது.

திருகோணமலையில், உட்துறைமுகத்தின் விளக்குகள் தெரியும் உவர்மலைச் சரிவில் வாழ்கின்ற இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைத் தம் வாழ்நாளில் மூன்று தடவை பார்த்திருக்கிறார். அதன் பாடல்களை வானொலியில் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. அதன் வசனங்களை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுவர். எனினும், படத்தை இருந்து பார்த்தது மூன்று தடவைதான். அம்மூன்றும் அவருடைய வாழ்வின் மூன்று வேறு காலங்களில் நிகழ்ந்தவை.

படத்தின் வரலாறு தமிழறிந்தோர் பலரும் அறிந்ததே. 'கலைமணி' என்னும் புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் ஐம்பதுகளின் பிற்பகுதியில் எழுதிய தொடர்கதை அதன் மூலம். கோபுலுவின் சித்திரங்கள் அக்கதைக்கு உருவம் கொடுத்தன. தொடர் வெளிவந்த நாட்களிலேயே சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும் உயிரோடு உலவும் மனிதர்கள் போல வாசகரிடையே பேசப்பட்டனர். ஏ. பி. நாகராஜன் அதனைப் படமாக்கி 1968ஆம் ஆண்டு யூலையில் வெளியிட்டார். சிவாஜி கணேசன் நாதஸ்வரக்காரராகவும், பத்மினி நாட்டியக்காரியாகவும், டி. எஸ். பாலையா தவில்காரர் முத்துராக்காகவும், நாகேஷ் சவடால் வைத்தியாகவும், மனோரமா ஜில் ஜில் ரமாமணியாகவும் தோன்றினர். இசை கே. வி. மகாதேவன். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான இந்தியத் தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வெள்ளையர் ஆட்சிக்கால மன்னர்களும் மைனர்களும் நிறைந்த ஓர் உலகத்தில், தன்மானம் மிகுந்த கலைஞர் இருவர் ஒருவரையொருவர் வெல்ல முயன்று, அம்முயற்சியிலேயே காதல் கொள்வது கதை.

இனி, முதல் தடவை. 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. அவ்வாசிரியை பிறந்ததும் அவ்வாண்டிலேதான். வெள்ளைக்காரன் போனபின்பும் துறைமுகம் என்ற சொல்லுக்கு அவ்வூரில் மதிப்புக் குறையவில்லை. 'துறைமுகத்தில் வேலை' என்றால் மாதச் சம்பளம், சீருடை, சைக்கிள், கடையில் கடன் கொடுப்பார்கள் என்ற உறுதி. பெண் கேட்டுப் போகிறவர்களும் அதையே முதலிற் சொல்லுவார்கள். அவருடைய தகப்பனாருக்கோ அத்தகைய வேலை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் வித்துவான் ஒருவரிடம் தங்கியிருந்து பயின்று, திருமணத்தின்பின் திருகோணமலையில் குடியேறிக் கோயிற் பூசைகளிலும் கலியாண வீடுகளிலும் நாதஸ்வரம் வாசித்து வந்தவர் அவர். ஊரார் அவரை நாயனக்காரர் என்பர். சற்று மரியாதை குறைந்தவிடத்து மேளகாரன் என்பர். 1963இல் கோணேசர் கோயிலிற் கும்பாபிஷேகம் நடந்தபோது வந்து கூடிய கூட்டங்களிலொன்றில் தாமும் வாசித்ததை அவர் வாழ்நாள் முழுதும் பெருமையாகச் சொல்லி வந்தார். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோயில். மண்ணுக்குள் மறைந்துகிடந்த அதன் வெண்கலத் திருவுருவங்கள் 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டன. அவற்றை மீண்டும் எழுந்தருளச் செய்த நாளில் தம் மூச்சும் காற்றிற் கலந்திருந்தது என்பதே அவருடைய பெருமை.

படம் ஊருக்கு வந்தபோது சிறுமிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தகப்பனார் குடும்பத்தோடு சென்று கலரியில் அமர்ந்தார். கொட்டகை நிரம்பி வழிந்தது. துறைமுகத் தொழிலாளர், கடைக்காரர், கந்தோர் உத்தியோகத்தர், மாணவர் என எல்லோரும் வந்திருந்தனர். அழகர்கோயிற் காட்சியில், நாதஸ்வரக் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் வெளியே வெடிச்சத்தம் எழ, சண்முகசுந்தரம் வாசிப்பதை நிறுத்திக் கோபத்தோடு எழுந்துவிடுகிறான். கலையை மதியாதவர் முன் வாசிக்கமாட்டேன் என்னும் அவனுடைய இறுமாப்பைக் கண்டு கொட்டகை முழுவதும் கைதட்டியது. சீழ்க்கை அடித்தோரும் உண்டு. சிறுமியின் கண்கள் பத்மினியை விட்டு அகலவில்லை. தகப்பனாரோ நாயகனின் முகத்தையும் பார்க்கவில்லை, நாயகியையும் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த நாதஸ்வரத்தின் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மகளின் காதருகே குனிந்து, 'மகள், விரல் சரியாத்தான் போகுது. மூச்சு வேற ஆளுட' என்றார்.

அவர் சொன்னது உண்மை. படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரைச் சகோதரர்களான எம். பி. என். சேதுராமனும் எம். பி. என். பொன்னுசாமியும் வாசித்தது. சிவாஜி கணேசன் விரலசைவையும் கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் கூர்ந்து கற்று நடித்தமையால், வாசிப்பவர் அவரே எனப் பலர் நம்பினர். நடிப்பின் வெற்றி என்ற வகையில் அது போற்றத்தக்கதே. ஆயினும், ஆச்சா மரத்தாலான அந்த நீண்ட குழலுக்குள் ஊதிய மூச்சுக்குத் திரையில் முகமில்லை. அன்று அந்தக் கொட்டகையில் அதனை உணர்ந்திருந்தவர் கலரியில் அமர்ந்திருந்த நாயனக்காரர் ஒருவரே எனலாம்.

அடுத்த சில நாட்களில் வசதியானதொரு வீட்டிற் கலியாணம் நடந்தது. தகப்பனாரின் கூட்டம் வாசித்தது. சீவாளிகள் வைத்த சிறு பையைத் தூக்கிக்கொண்டு சிறுமியும் போயிருந்தாள். கொட்டகையிற் கைதட்டியவர்களுள் பலர் அங்கே பந்தலில் இருந்தனர். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் முழங்கியபின் எல்லோருக்கும் தேநீர் வந்தது. விருந்தினருக்குப் பீங்கான் கோப்பை. மேளகாரருக்குப் பந்தலின் ஓரத்தில், அதற்கென்றே எடுத்துவைத்திருந்த தனிக் குவளை. குடித்தபின் அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியவர்களும் அவர்களே. தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. தம் குவளையைக் கழுவினார். தவில்காரருடைய குவளையையும் வாங்கிக் கழுவினார். வெடிச்சத்தத்துக்காகக் கச்சேரியை நிறுத்திய சண்முகசுந்தரம் அங்கே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கும் அந்தக் குவளையே வந்திருக்கும்.

புதிய பாடசாலைத் தவணை தொடங்கியபோது, வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தகப்பனாரின் தொழிலை ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். தன் முறை வந்ததும் சிறுமி எழுந்து, 'துறைமுகத்தில் வேலை' என்றாள். ஆசிரியர் எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கேட்டார். பொய்யொன்று இத்தனை இலகுவாக ஏற்கப்படும் என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்தபோதும், கலியாணப் பேச்சின்போதும் அதே விடையே தொடர்ந்தது. தகப்பனாருக்கு அது தெரியாது என்றே அவர் நெடுநாள் நம்பியிருந்தார்.

இரண்டாம் தடவை எண்பதுகளின் நடுப்பகுதியில் அமைந்தது. அப்போது அவர் இளம் ஆசிரியை. ஒரு பெண்பிள்ளைக்குத் தாய். அயல்வீட்டில் வீடியோ டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஊரடங்குச் சட்டம் நிலவிய இரவுகளில் நான்கைந்து குடும்பங்கள் ஒரே அறையிற் கூடிப் படம் பார்ப்பது அக்காலத்து வழக்கமாக இருந்தது. அன்றிரவு அவர் நோக்கியது மோகனாவையன்று. மோகனாவின் தாய் வடிவாம்பாளை. முதல் தடவை பார்த்தபோது வடிவாம்பாள் காதலுக்குக் குறுக்கே நின்ற பொல்லாத கிழவி. பணக்காரர் ஒருவரின் ஆதரவில் மகளை ஒப்படைத்துவிடத் துடிக்கும் பேராசைக்காரி. சி. கே. சரஸ்வதியின் நடிப்பும் அவ்வெறுப்பை வளர்ப்பதற்கே அமைந்தது. ஆனால் தாமே தாயாகியபின் பார்க்கும்போது, அந்தக் கிழவிக்கு ஏன் அத்தனை பயம் என்ற வினா எழுந்தது.

அவ்வினாவுக்கான விடை படத்துக்கு வெளியே இருக்கின்றது. கோயிலைச் சார்ந்த இசை மரபில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த கூட்டத்தைப் பெரியமேளம் என்றும், ஆடும் மகளிரும் நட்டுவனாரும் சேர்ந்த கூட்டத்தைச் சின்னமேளம் என்றும் அழைப்பர். பெரியமேளம் ஆண்களின் வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. சின்னமேளம் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. இரண்டும் ஒரே சமூகச் சூழலிலிருந்து எழுந்தவையாயினும் அவற்றிடையே போட்டியும் மனத்தாங்கலும் இருந்தன. சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் இடையே நிகழும் சவால் இவ்விரு மேளங்களுக்கும் இடையே இருந்த பழைய வழக்கின் நாடக வடிவமே ஆகும். சின்னமேளத்துப் பெண்ணுக்குச் சொத்தும் பாதுகாப்பும் செல்வர் ஒருவரின் ஆதரவினாலேயே வாய்த்தன. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. கதை அதற்கு முற்பட்ட உலகத்தைச் சேர்ந்தது. மகள் காதலித்த ஒருவனோடு சென்றுவிட்டால் முதுமையில் சோறு யார் போடுவார் என்பது வடிவாம்பாளின் பேராசையன்று. அவள் அறிந்த பொருளாதாரம். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து சின்னமேளக் கூட்டங்கள் திருவிழாக்காலத்தில் வந்து ஆடிச் சென்றதுண்டு. ஆறுமுக நாவலர் முதலானோர் அதனைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. கண்டனம் ஆட்டத்தோடு சேர்ந்து ஆடியவர்களையும் துரத்திற்று. ஆட்டம் மட்டும் வேறுவழியாகத் திரும்பி வந்தது.

அவ்வாறு திரும்பி வந்த கதையும் அன்றிரவு அவருடைய மனத்தில் ஓடியிருக்கவேண்டும். ஏனெனில், அவருடைய சிறு மகள் அக்காலத்திற் பரதநாட்டியம் பயிலத் தொடங்கியிருந்தாள். சதிர் என வழங்கிய ஆட்டம் முப்பதுகளிற் பரதநாட்டியம் என்னும் பெயரோடு மேடையேறியது. 1936இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரம் போன்ற நிறுவனங்களின் வழியே அது நடுத்தர வகுப்புக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குரிய கலையாயிற்று. அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சடிப்பதில் இன்று யாருக்கும் கூச்சமில்லை. நாதஸ்வரத்துக்கோ அந்த மாற்றம் நேரவில்லை. தன் பிள்ளை நாட்டியம் பயில்கிறாள் என்று பெருமையோடு சொல்லும் குடும்பம், தன் பிள்ளை நாதஸ்வரம் பயில்கிறான் என்று சொல்வதைக் காண்பது அரிது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதை ஒருவர் தோன்றி, தலைமுடியைக் கத்தரித்து, நீண்ட அங்கி தரித்து, சமமான இருக்கை கேட்டு வாதாட வேண்டியிருந்தது. நம் நாட்டின் தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் தம் நாற்பத்திரண்டாம் வயது அளவிலேயே மறைந்தபோது இரு நாட்டு இசையுலகமும் வருந்தியது. மேதைகளுக்கு மேடை கிடைத்தது. கோயிலில் அன்றாடம் காலையும் மாலையும் வாசித்த சாதாரண நாயனக்காரருக்குக் கிடைத்தது அந்தத் தனிக் குவளைதான். மோகனாவின் கலை வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. சண்முகசுந்தரத்தின் கலை பந்தலின் ஓரத்திலேயே நிற்கிறது. அந்த ஆசிரியையோ மகளை நடன வகுப்புக்கு அழைத்துச் செல்லும்போது, அவளுடைய பாட்டன் யார் என்பதை நடன ஆசிரியையிடம் சொன்னதில்லை.

அன்றிரவு படம் முடியவில்லை. தில்லானாப் போட்டியின் முடிவில் நஞ்சு தோய்ந்த கத்தி சண்முகசுந்தரத்தின் கையைத் தாக்குகிறது. அவன் வைத்தியசாலையிற் கிடக்கும் காட்சியில் மின்சாரம் நின்றுவிட்டது. விளக்கேற்றி வைத்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்தபின் ஒவ்வொருவராய் வேலி வழியே வீடு சென்றனர். அக்காலத்தில் தகப்பனாருக்குப் பற்கள் விழுந்துவிட்டன. சீவாளியை உதடுகளால் இறுகப் பற்ற இயலாமையால் வாசிப்பு நின்றுபோய், வாத்தியம் துணி உறையோடு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. 'படம் எப்படி மகள்?' என்று அவர் கேட்டார். 'பாதியில நிண்டுபோச்சு அப்பா' என்றார் மகள். 'கை சுகப்படும். பிறகு வாசிப்பான்' என்று கூறித் தகப்பனார் படுத்துக்கொண்டார்.

1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது அக்குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அவசரத்தில் நாதஸ்வரம் சுவரிலேயே விடப்பட்டது. திரும்பி வந்தபோது அதுவும் இல்லை, அது தொங்கிய ஆணியும் இல்லை. அடுத்த ஆண்டு கொழும்பில் உறவினர் வீடொன்றில் தகப்பனார் காலமானார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதவேண்டிய பொறுப்பு மகளுக்கு வந்தது. பெயருக்கு அடுத்தபடியாகத் தொழிலை எழுதுவது வழக்கம். 'இளைப்பாறிய' என்று தொடங்கி அவருடைய பேனா நின்றது. இளைப்பாறிய துறைமுக ஊழியர் என்று எழுத மனம் வரவில்லை. இறந்தவரைப் பற்றிப் பொய்யெழுத அவர் அஞ்சினார். உண்மையை எழுதவும் துணியவில்லை. கற்பிக்கும் பாடசாலையில் இருபது வருடப் பொய்யொன்று வெளிப்பட்டுவிடும். எழுதிய சொல்லை வெட்டிவிட்டு, 'திருகோணமலையைச் சேர்ந்த' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அறிவித்தலில் ஊர் இருந்தது, உறவுகள் இருந்தன. மனிதர் என்ன செய்து வாழ்ந்தார் என்பது இருக்கவில்லை.

மூன்றாம் தடவை, அண்மையில் மாரிகாலத்து இரவொன்றில். மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் பயிலும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வெளியே வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் வெளிச்சம் மழைக்குள் மங்கித் தெரிந்தது. பாட்டியும் பேத்தியுமாகக் கணினித் திரையிற் படத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்த்தனர்.

இம்முறை அவர் கண்டது வேறொன்று. படத்தில் கலைஞரை இழிவுபடுத்துவோர் யாரெனப் பார்த்தால் வைத்தி, சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என ஒரு சிலரே தேறுவர். ஒவ்வொருவரும் வேடிக்கை மனிதராகவோ வில்லனாகவோ காட்டப்படுகின்றனர். மேனாட்டு விருந்தினர் முன்னிலையில் நாயகன் அவர்களுடைய மெட்டொன்றையே நாதஸ்வரத்தில் வாசித்து அவர்களையும் வென்றுவிடுகிறான். கச்சேரியைக் கேட்க அமர்ந்திருக்கும் பெருங்கூட்டமோ எப்பொழுதும் நல்ல கூட்டமாகவே இருக்கின்றது, கலையை மதிக்கின்றது, நீதியின் பக்கம் நிற்கின்றது. நாயனக்காரனுக்கு யார் எந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள் என்ற கேள்வி படத்தில் எழுவதேயில்லை. ஆகையினால்தான் கொட்டகையிலிருந்த எல்லோரும் மனம் உறுத்தாமற் கைதட்ட முடிந்தது. குற்றம் மைனருடையது, மகாராஜாவுடையது, தம்முடையதன்று. அந்தக் கைதட்டலிற் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் கைகளும் இருந்தன. தனிக் குவளை வைத்த வீட்டாரைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் மனத்துள் வெறுப்பு வைத்திருந்தார். ஆனால் இடாப்பிலிருந்தும் மரண அறிவித்தலிலிருந்தும் தகப்பனாரை நீக்கியது அந்த வீட்டாரன்று.

இதனாற் படத்தைக் குறைகூற வேண்டும் என்பதில்லை. அதன் அழகு குறையவில்லை என்பதே அவருக்கும் வியப்பாயிருந்தது. புகைவண்டிப் பெட்டியில், சுற்றத்தார் சூழ இருக்கையில், இருவரும் கண்களாற் பேசிக்கொள்ளும் காட்சி முன்போலவே இனித்தது. நாடகக்காரியான ரமாமணிக்கும், பெருஞ்சபைக்கு வாசிக்கும் அதே கவனத்தோடு சண்முகசுந்தரம் வாசித்துக் காட்டும் இடத்தில் அவருடைய கண்கள் கலங்கின. வாரந்தோறும் விரிந்த தொடர்கதையை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கிய நாகராஜன் எத்தனையோ கிளைகளை விட்டிருப்பார். இந்தக் காட்சியை விடவில்லை. முன்பு மின்சாரம் நின்ற இடத்தையும் அன்று கடந்து சென்றனர். தகப்பனார் சொன்னபடியே கை சுகப்பட்டது. சண்முகசுந்தரம் மீண்டும் வாசித்தான்.

அந்த இடத்திற் பேத்தி படத்தை நிறுத்தினாள். நடனம் பயில்பவளாகையால் அவளுடைய காது தாளத்தோடு சென்றிருந்தது. 'அம்மம்மா, உண்மையில வாசிக்கிறது ஆரு?' என்று கேட்டாள்.

பாட்டி மதுரைச் சகோதரர்களின் பெயரைச் சொன்னார். பேத்தி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சிறிது நேரம் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. பின்னர் பாட்டி, 'என்ட அப்பாவும் நாயனக்காரர்தான்' என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாத சொல். வீடு இடிந்து விழவில்லை. பேத்தி திடுக்கிடவுமில்லை. பூட்டனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். தன் நடனத்துக்கு நாதஸ்வரத்தோடு இத்தனை அண்மையில் உறவிருந்ததை ஏன் யாரும் தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய வருத்தம். 'எனக்கேன் சொல்லேல்ல?' என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்குப் பாட்டியிடம் விடையிருக்கவில்லை. எழுந்து சென்று அலுமாரியைத் திறந்து, சிறு தகரப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் நூலிற் கோத்த சீவாளிகள் நான்கு கிடந்தன. 1990இல் வீட்டைவிட்டு ஓடியபோது தகப்பனார் தம் சட்டைப்பையில் எடுத்து வந்தவை அவை. வாத்தியத்தை விட்டுவிட்டுச் சீவாளியை ஏன் எடுத்தார் என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியத்தை எங்கும் இரவல் வாங்கலாம், சீவாளி அவரவர் உதட்டுக்குப் பழகவேண்டும் என்று அவர் பதில் சொன்னார். பேத்தி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாணற் தட்டையின் நுனியில், பல்லாண்டு காலம் ஈரம் பட்ட கறை இன்னும் இருந்தது.

வேறொன்றையும் பாட்டி அன்று கூறினார். கலாசாலைக்குப் புறப்பட்ட நாளில் தகப்பனார் பேருந்து நிலையம் வரை வந்தார். வழக்கமாகக் காதிலே போட்டிருக்கும் கடுக்கன்களைக் கழற்றிவிட்டு, வேட்டிக்குப் பதிலாக, யாரிடமோ இரவல் வாங்கிய காற்சட்டையும் சட்டையும் அணிந்து வந்திருந்தார். துறைமுகத்து ஊழியர் அணிவது போன்ற உடை. ஏன் அப்படி வந்தார் என்பதை மகள் அப்போது சிந்திக்கவில்லை. மூன்றாம் தடவை படம் பார்த்த அவ்விரவில், விரலைச் சரியாக அசைத்து வேறொருவர் வாழ்க்கையை நடித்துக் காட்டிய நடிகரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பேருந்து நிலையத்தில் நின்ற அந்த மனிதரும் நடித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குப் புலனாயிற்று. மகளின் பொய் தகப்பனாருக்குத் தெரிந்தேயிருந்தது.

கலைப்படைப்பு வாழ்க்கையைத் திருத்துமா என்னும் வினா நம் கருத்தரங்குகளிற் பலமுறை எழுப்பப்படுவதுண்டு. படமொன்று கைதட்டிய கூட்டத்தைத் திருத்திவிட்டதாகத் திருகோணமலை அனுபவம் காட்டவில்லை. கொட்டகையில் நாயனக்காரனைக் கொண்டாடியவர்களே பந்தலில் அவனை ஓரத்தில் நிறுத்தினர். ஆயினும், நல்ல படைப்பொன்று காத்திருக்கும் இயல்புடையது. முதல் தடவை காதலைக் காட்டி, இரண்டாம் தடவை தாயைக் காட்டி, மூன்றாம் தடவை பார்ப்பவரையே காட்டுவதற்கு அதற்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அத்தனை காலம் மீண்டும் மீண்டும் அதனிடம் செல்லும்படி செய்ததே அதன் அழகு ஆற்றிய பணி.

தகப்பனாரின் நினைவுதினம் அடுத்து வந்தபோது, அவ்வாசிரியை பத்திரிகைக்கு நினைவஞ்சலி ஒன்றை எழுதினார். பெயருக்குக் கீழே தொழிலும் இருந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட அலுவலர், 'நாயனக்காரர்' என்பது பேச்சுவழக்காயிற்றே, 'நாதஸ்வர வித்துவான்' என்று மாற்றிவிடலாமா என்று தொலைபேசியிற் கேட்டார். அவர் சற்றே யோசித்தார். ஊர் தகப்பனாரை அழைத்த பெயரும், தகப்பனார் தம்மை அழைத்துக்கொண்ட பெயரும் அதுவே.

'வேண்டாம் தம்பி. இருக்கிறபடியே போடுங்கோ' என்றார்.